மதுக்கூடமும் மன்றமும்

பகலில் மனிதன் வேலைக்கு உரியவன்; இரவில் வீட்டிற்கு உரியவன். இவ்விரண்டிற்கும் இடையே அமையும் ஓரிரு மணி நேரந்தான் அவன் தனக்கே உரியவனாக இருக்கும் நேரம். அந்த மாலைப்பொழுதில் அவன் கால்கள் எத்திசை நோக்கி நடக்கின்றன என்பதைக் கொண்டு அவனை அளந்துவிடுவது உலக வழக்கு. அத்திசை தவிர வேறு எத்தனை வாயில்கள் அவனுக்குத் திறந்திருந்தன என்று கேட்பவர் மிகச் சிலரே.

கோலாலம்பூரில் விளக்கேற்றும் நேரத்தில் இக்கேள்வி உயிர்பெறுகின்றது. புக்கிட் பிந்தாங்கிலும் பங்சாரிலும் மதுக்கூடங்களும் இரவு விடுதிகளும் கதவு திறக்கின்றன. அவற்றுள் செல்லத்தக்கது எது என்று வினவினால், இசையின் தரம், இருக்கையின் வசதி, பானத்தின் விலை, கூடும் கூட்டத்தின் பகட்டு ஆகியவற்றை அடுக்கிப் பலரும் விடை கூறுவர். இது வாங்குவோன் கூறும் விடை. 'செல்லத்தக்கது' என்னும் சொல்லில் உள்ள 'தகுதி' விலையைப் பற்றியதன்று, வாழ்வைப் பற்றியது. ஓர் இடத்திற்குச் சென்று வருவதால் மனிதன் வளர்கிறானா, தேய்கிறானா என்பதே அறநோக்கில் எழவேண்டிய வினா. மது விற்கும் இடத்திற்கு அவ்வினாவை எழுப்புவதே வீண் என்று கருதுவோரும் உளர். அவர்கள் கருத்தும் எண்ணிப் பார்க்கத்தக்கதே.

தமிழ் மரபு இவ்வகையில் ஒரே குரலில் பேசவில்லை. புறநானூற்றில் அதியமான் நெடுமான் அஞ்சியை இழந்த ஔவையார் பாடிய கையறுநிலைப் பாட்டு ஒன்று உண்டு. சிறிதளவே கள் கிடைத்தபோது அதனைத் தமக்கே அளித்துவிட்டான் என்றும், மிகுதியாகக் கிடைத்தபோது தாம் பாடத் தானும் உடனிருந்து மகிழ்ந்து உண்டான் என்றும் அப்புலவர் நினைந்து கலங்குகின்றார். அரசனும் பாடினியும் ஒரே நிலையில் அமர்ந்திருந்த அந்தப் பொழுது, அவன் மறைந்த பின்னர் ஈடுசெய்ய முடியாத இழப்பாகி நிற்கின்றது. மற்றொரு பக்கம், திருவள்ளுவர் பொருட்பாலில் கள்ளுண்ணாமை என்னும் தொண்ணூற்று மூன்றாம் அதிகாரத்தை வைத்தார். அதற்கு முன்னே வரைவின் மகளிர், பின்னே சூது. மனிதனின் பொருளையும் அறிவையும் பறிக்கும் மூன்றனுள் நடுவே கள்ளுக்கு இடம் தந்துள்ளார். ஈன்ற தாயின் முன்பே இழிவாகத் தோன்றும் களிமயக்கம் சான்றோர் முன் எத்தகையதாகும் என்று அவர் கேட்கும் வினா, இருபது நூற்றாண்டுகள் அளவு பழமையுடையதாயினும் இன்னும் கூர்மை குன்றாதது.

இவ்விரு குரல்களும் முரண்பட்டவை போலத் தோன்றும். ஊன்றிப் பார்த்தால் இரண்டும் வெவ்வேறு பொருள் பற்றிப் பேசுகின்றன என்பது விளங்கும். ஔவையார் நினைந்து ஏங்குவது கள்ளை அன்று, பகிர்வை. குறைவாக இருந்தபோது தனக்கு வைத்துக்கொள்ளாத உள்ளத்தையும், நிறைவாக இருந்தபோது தனித்து உண்ணாத பண்பையுமே அவர் போற்றுகின்றார். வள்ளுவர் பழிப்பதும் மனிதர் கூடியிருப்பதை அன்று. தன்னை மறந்து நாணம் இழத்தலையே. எனவே ஓர் இடத்தை அளப்பதற்கு இரண்டு கோல்கள் கிடைக்கின்றன. அங்கே மனிதர் ஒத்த நிலையில் கூடிப் பகிர்ந்துகொள்கின்றனரா என்பது ஒன்று. அங்கிருந்து திரும்புவோன் தன் அறிவோடும் நாணோடும் தன்னவர் முகத்தைப் பார்க்கத்தக்கவனாகத் திரும்புகிறானா என்பது மற்றொன்று.

பழந்தமிழகத்து ஊர்களில் மன்று, பொதியில் என்னும் பொதுவிடங்கள் இருந்தன. மரத்தடியில் அமைந்த அவ்விடத்தில் ஊரார் கூடினர், வழக்குத் தீர்த்தனர், கதை பேசினர், வழிப்போக்கரும் தங்கினர். அங்கே அமர்வதற்கு எவரும் கட்டணம் செலுத்தவில்லை. மனிதன் மாலையில் தேடிச் செல்வது, அவன் அறிந்தோ அறியாமலோ, இத்தகைய மன்றத்தைத்தான். கப்பலேறி மலாயாவிற்கு வந்த தமிழர், கோவிலைக் கொண்டுவந்தனர், கூத்தைக் கொண்டுவந்தனர். ஆனால், யாருக்கும் சொந்தமில்லாமல் எல்லாருக்கும் சொந்தமாக இருந்த அந்த மன்றத்தை அவர்களால் கொண்டுவர இயலவில்லை. தோட்டத்தில் அவர்கள் கால் ஊன்றிய மண் ஒவ்வோர் அடியும் நிறுவனத்தின் உடைமையாக இருந்தது.

அக்காலத்து மலாயாவில் குடிப்பதற்கு மூன்று வாயில்கள் இருந்தன. வெள்ளையருக்கென முதல் வாயில். 1884-இல் கோலாலம்பூரில் தொடங்கப்பெற்ற சிலாங்கூர் கிளப்பில் கா. தம்புசாமி பிள்ளை போன்ற செல்வாக்குமிக்க ஆசியர் ஒரு சிலரும் இடம்பெற்றிருந்தனர். 1890-இல் தோன்றிய லேக் கிளப்போ ஐரோப்பியரில் உயர்நிலையினருக்கே உரியதாயிற்று. பத்து ரோடு எனப்பட்ட இன்றைய துவாங்கு அப்துல் ரகுமான் சாலையில் 1921 முதல் விளங்கும் கொலிசியம் உணவகத்தின் மதுக்கூடத்தில், தோட்டத் துரைமார் நகருக்கு வரும்போது கூடிக் களித்தனர். எழுத்தர்களும் கிராணிமாரும் தத்தம் சங்கங்களிலும் மன்றங்களிலும் பொழுது போக்கினர். அது இரண்டாம் வாயில். பால்மரம் சீவிய பாட்டாளிக்கு எஞ்சியது மூன்றாம் வாயில், அதுவே கள்ளுக்கடை.

மூன்று வாயிலிலும் மயக்கம் ஒன்றே. ஆயினும் துரை குடித்தால் அது நாகரிகம் எனப்பட்டது. கிராணி குடித்தால் பொழுதுபோக்கு எனப்பட்டது. தொழிலாளி குடித்தால் மட்டும் அது ஓர் இனத்தின் ஒழுக்கக்கேடு எனப்பட்டது. தமிழரின் குடிப்பழக்கத்தைப் பற்றி எழுதியவர் பலர். குடியைப் பற்றிய அறவுரை எப்போதும் மேலிருந்து கீழ்நோக்கியே பாய்ந்தது என்பதைக் குறித்தவர் சிலர். ஒரு செயலின் நன்மை தீமையை அதைச் செய்பவனின் சம்பளத்தைக் கொண்டு முடிவு செய்வது அறம் ஆகாது. இந்த நேர்மையோடு தொடங்கினால்தான் கள்ளுக்கடையை உள்ளபடி எடைபோட இயலும்.

தென்னையின் பாளையைச் சீவி வடிக்கும் சாறு சில மணி நேரத்திலேயே தானாகப் புளித்துக் கள்ளாகின்றது. ஒரு நாள் கடந்தால் காடியாக மாறத் தொடங்குகின்றது. நெடுநாள் வைத்து விற்க இயலாத பொருள் ஆதலால், இறக்கிய இடத்திற்கு அருகிலேயே, இறக்கிய அன்றே, பலரும் கூடி அருந்த வேண்டியதாகின்றது. அதனால் கள்ளுக்கடை இயல்பாகவே ஒரு கூடுமிடமாயிற்று. விடியுமுன் பிரட்டுக்களத்தில் பெயர் கொடுத்து, நிரையில் மரம் சீவி, பால் எடுத்து, எடை போட்டு ஓய்ந்தவன், பிற்பகலில் எங்கே அமர்வான்? லயத்து வீடு ஓர் அறை. அதிலே சமையல், அதிலே பிள்ளைகள், அதிலே உறக்கம். விருந்தினர் வந்தால் அமர்த்த இடமில்லை. கிராணியின் அலுவலகத்தில் அவன் நின்றுகொண்டே இருக்கவேண்டும். கள்ளுக்கடையின் நீண்ட பலகையில் மட்டுமே அவன் அமரலாம், குரலை உயர்த்தலாம், ஊர்க்கடிதத்தைப் பற்றிப் பேசலாம், கங்காணியைக் கேலி செய்யலாம். அங்கே அவனைப் பெயரிட்டு அழைத்தனர், எண்ணிட்டு அழைக்கவில்லை.

ஆகவே, தொழிலாளி கள்ளைத் தேடியே சென்றான் என்பது பாதி உண்மை. பலகையைத் தேடியும் சென்றான் என்பது மீதி உண்மை. ஔவையார் நினைந்த பகிர்வின் ஒரு துளி அங்கேயும் இருந்தது. இதனை மறுத்துவிட்டுக் கள்ளுக்கடையைப் பழிப்பவர் அங்கே சென்ற மனிதனைப் புரிந்துகொள்ளமாட்டார். புரிந்துகொள்ளாதவர் அவனைத் திருத்தவும் மாட்டார்.

ஆனால், அப்பலகைக்குக் கொடுத்த விலை பெரிது. அமர்வதற்கு அவன் குடிக்க வேண்டியிருந்தது. பேசுவதற்கு மேலும் குடிக்க வேண்டியிருந்தது. நாள் முழுதும் உழைத்துப் பெற்ற கூலியின் ஒரு பகுதி, அது வந்த தோட்டத்திற்குள்ளேயே மீண்டும் சுழன்று போயிற்று. வீட்டில் அரிசிக்கும் எண்ணெய்க்கும் காத்திருந்த மனைவிக்கு அப்பலகையில் இடமில்லை; அதன் விலையில் மட்டுமே பங்கு இருந்தது. கள் விற்பனையில் கிடைத்த ஆதாயத்தை ஒரு நிதியாக ஒதுக்கித் தொழிலாளர் நலனுக்குச் செலவிடும் ஏற்பாடும் அந்நாளில் இருந்தது. நல்ல ஏற்பாடு போலத் தோன்றும் இதில் ஒரு கொடுமை மறைந்திருக்கின்றது. தந்தை குடித்த கள்ளின் ஆதாயத்தில் மகனுக்கு விளையாட்டுத்திடல் அமையுமானால், அத்திடலில் ஓடும் பிள்ளையின் மகிழ்ச்சிக்கு எவன் நன்றி பெறுவது? தந்தை எவ்வளவு குறைவாகக் குடிக்கிறானோ அவ்வளவு குறைவாகவே மகனுக்கு நலம் கிட்டும் என்னும் நிலை, நலத்தை நஞ்சோடு பிணைத்த நிலையன்றோ?

இந்தப் பிணைப்பை அறுக்க முதலில் எழுந்தவர் சீர்திருத்தவாதிகள் மட்டும் அல்லர், தொழிலாளரும் எழுந்தனர். 1941-ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் மூண்ட வேலைநிறுத்தம் மலாயாத் தமிழர் வரலாற்றில் நினைவில் நிற்கத்தக்கது. கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் வழியே ஆர். எச். நாதன் முதலியோர் அதனை வழிநடத்தினர். தொழிலாளர் முன்வைத்த கோரிக்கைகளுள் சீனத் தொழிலாளருக்கு நிகரான கூலி உண்டு. பிள்ளைகளுக்குக் கல்வி உண்டு. உறவினரும் நண்பரும் தடையின்றித் தோட்டத்திற்குள் வந்துபோகும் உரிமை உண்டு. துரைமாரையும் கிராணிமாரையும் கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்கவேண்டும் என்னும் வழக்கத்தை ஒழிக்கும் கோரிக்கையும் உண்டு. அவற்றோடு ஒன்றாக, கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்பதும் இடம்பெற்றது. மே மாதத்தில் நாதன் கைது செய்யப்பட்டுப் பின்னர் நாடு கடத்தப்பட்டார். போராட்டம் மேலும் பரவியது. படை வரவழைக்கப்பட்டது, சிலாங்கூரில் நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்டது, தொழிலாளர் ஐவர் உயிரிழந்தனர்.

அக்கோரிக்கைகள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் முறையில் ஓர் ஆழ்ந்த அறிவு புலப்படுகின்றது. கள்ளுக்கடையை மூடுக என்ற கோரிக்கை மட்டும் தனியே நின்றிருந்தால் அது ஒழுக்கவுரையாக முடிந்திருக்கும். மிதிவண்டியில் நிமிர்ந்து செல்லும் உரிமையோடும், பிள்ளையின் பள்ளியோடும், நண்பர் வீடு தேடி வரும் உரிமையோடும் அது சேர்ந்து நின்றது. தங்களுக்கு வேண்டியது கள் அன்று, மதிப்பு என்பதை அத்தொழிலாளர் உணர்ந்திருந்தனர். சாலையில் தலைநிமிர்ந்து செல்ல முடிந்தவனுக்கு, தலைநிமிர்வதற்கென்று ஒரு கடைக்குள் நுழையவேண்டிய தேவை குறைகின்றது. நண்பனை வீட்டிற்கே அழைக்க முடிந்தவனுக்குக் கடைப் பலகையின் கவர்ச்சி தளர்கின்றது. மதுக்கூடத்தை வெல்வது தடைச்சட்டத்தை விட மிகுதியாக மானமே என்பதற்கு இக்கோரிக்கைப் பட்டியல் சான்று.

போருக்குப் பின் இவ்வுணர்வு வடக்கிலும் தலைதூக்கியது. 1947-இல் கெடா மாநிலத்துப் பீடோங் வட்டாரத்தில் ஏ. எம். சாமி தலைமையில் இயங்கிய தொண்டர் படை கள்ளுக்கு எதிராகக் கிளர்ந்தது. கள்ளுக்கடைக்கு எதிரான போராட்டம் காவல்துறையினருடன் மோதலாக மாறியது. 1960-இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்துத் தோட்டந்தோறும் சென்று பங்கு சேர்த்தார். துண்டாடி விற்கப்பட்ட தோட்டங்களிலிருந்து துரத்தப்படுவோம் என்று அஞ்சிய தொழிலாளர், சிறு சிறு தொகையாகச் சேமித்துத் தோட்டத்திற்கே உடைமையாளர் ஆயினர். மாலைப்பொழுதில் அவர்கள் கூடிப் பேசுவதற்கு ஒரு பொருள் கிடைத்தது. 'சேமிக்கத் தெரியாத இனம்' என்று பழிக்கப்பட்டவர்கள், சேமிப்பதற்குத் தக்க காரணம் கிடைத்தபோது சேமித்தனர். கூடுவதற்குத் தக்க இடம் கிடைத்தால் அங்கே கூடுவர் என்பதையும் இதிலிருந்து உய்த்துணரலாம்.

அவ்விடத்தை அமைக்காமல் கடையை மட்டும் மூடுவதால் என்ன நேரும் என்பதற்கும் சான்றுகள் உண்டு. தோட்டங்களில் கள்ளின் இடத்தை நாளடைவில் சம்சு பிடித்தது. கள் மென்மையானது, சம்சு வடித்தெடுத்தது, பன்மடங்கு கடுமையானது. கள் கூடியிருந்து அருந்துவது. சம்சு சிறு புட்டியில் வாங்கி இடுப்பில் செருகித் தனித்துக் குடிப்பது. ஆகவே பலகையும் போயிற்று, பேச்சும் போயிற்று. மயக்கம் மட்டும் எஞ்சியது. தாய்த்தமிழகத்தின் அனுபவமும் இதனோடு ஒப்பிடத்தக்கது. 1937-இல் இராசாசி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். 1971-இல் மதுவிலக்கு தளர்த்தப்பட்டது. 1974-இல் மீண்டும் வந்தது. 1983-இல் தோன்றிய டாஸ்மாக் நிறுவனம், 2003 முதல் சில்லறை மது விற்பனையையும் தன் கையில் எடுத்துக்கொண்டது. விலக்கிய அரசே விற்கும் அரசாகிவிட்டது. அன்றைய தோட்டத்துக் கள் நிதியின் வினா, மாநில அளவில் பெருகி நிற்கின்றது: மக்கள் நலத்திற்கான பணம் மக்களின் மயக்கத்திலிருந்து வரலாமா?

மேலைநாட்டு அறிஞரும் இக்கேள்வியைத் தொட்டுள்ளனர். அமெரிக்கச் சமூகவியலாளர் ரே ஓல்டன்பர்க் 1989-இல் வெளியிட்ட நூலில், வீட்டை முதல் இடம் என்றும், வேலைத்தலத்தை இரண்டாம் இடம் என்றும் கொண்டு, மக்கள் விரும்பிக் கூடும் பொதுவிடத்தை 'மூன்றாம் இடம்' என்றார். காப்பிக் கடை, முடிதிருத்தகம், மதுக்கூடம் எல்லாம் அதனுள் அடங்கும். அங்கே பதவி வேறுபாடு மறைய வேண்டும். உரையாடலே முதன்மைச் செயலாக அமைய வேண்டும் என்பன அவர் காட்டும் இயல்புகளுள் சில. தமிழருக்கு இது புதிய கருத்தன்று. மன்று என்ற சொல்லுக்கு எழுதிய விரிவுரை போன்றது. ஓல்டன்பர்க் வகுத்த இலக்கணத்தில் மது என்பது இன்றியமையாத உறுப்பன்று. கூடுதலும் பேசுதலும் சமநிலையுமே உயிர்நாடி.

இந்த இலக்கணத்தைக் கொண்டு பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தைச் சுற்றிப் பார்க்கலாம். தலைநகருக்கு வேண்டிய செங்கல்லைச் சுட்டுத் தந்து பெயர் பெற்ற அவ்வட்டாரம், பின்னர்ப் புகைவண்டித் தொழிலாளரின் குடியிருப்பாக வளர்ந்தது. 1894-இல் பௌத்த மகாவிகாரையும், 1904-இல் விவேகானந்தர் ஆசிரமமும் தோன்றின. வேலை முடிந்து திரும்பியவனுக்கு மதுக்கூடமல்லாத வாயில்களும் திறந்திருந்தன. பள்ளி, வழிபாடு, சொற்பொழிவு, விளையாட்டு என்று மாலைப்பொழுது பங்கிடப்பட்டது. குடித்தவர் எவரும் அங்கே இருந்ததில்லை என்று எவரும் கூறார். ஆனால், குடிப்பது அங்கே தேர்வாக இருந்தது. தோட்டத்தில் அது ஏறக்குறைய விதியாக இருந்தது. தேர்வு உள்ள இடத்தில்தான் ஒழுக்கத்தைப் பற்றிப் பேசுவதற்கே பொருள் உண்டு. ஒரே வாயிலை வைத்துவிட்டு 'ஏன் அவ்வழியே நுழைந்தாய்' என்று கேட்பது நீதியாகாது.

அதே தெருக்களில் இன்று நள்ளிரவிலும் விளக்கணையாத மாமாக் கடைகளைக் காணலாம். ஒரு குவளைத் தேத்தாரேயுடன் இரண்டு மணி நேரம் அமர்ந்திருந்தாலும் எழுந்து போகுமாறு எவரும் சொல்வதில்லை. பந்தாட்டம் காண்போரும், அரசியல் பேசுவோரும், தேர்வுக்குப் படிக்கும் மாணவரும், பணி முடிந்து வந்த ஓட்டுநரும் அடுத்தடுத்த மேசைகளில் அமர்கின்றனர். இங்கே மலேசியாவிற்கே உரிய ஓர் உண்மையும் வெளிப்படுகின்றது. இந்நாட்டில் இசுலாமியருக்கு மது விலக்கப்பட்டது. மதுக்கூடத்தின் மேசை எவ்வளவு நீளமாயினும், பக்கத்து வீட்டு மலாய் நண்பனுக்கு அதில் இடமில்லை. தேநீர்க் கடையின் மேசை சிறிதாயினும் மூவினத்தாருக்கும் இடமுண்டு. நாட்டின் சரிபாதிக்கும் மேற்பட்டோரை வாயிலிலேயே நிறுத்திவிடும் ஓர் இடம், தன்னை முழுமையான மன்றம் என்று கூறிக்கொள்ள இயலாது. அது மதுக்கூடத்தின் குற்றமன்று. ஆயினும் அதன் எல்லை.

இனி, நகரத்து இரவு விடுதியை நோக்கலாம். பங்சார் என்னும் பெயர், பங்கே, கிரிசார் என்னும் ஐரோப்பியர் இருவரின் பெயர்களிலிருந்து உருவானது. அவர்களுக்கு உரிய ரப்பர்த் தோட்டம் ஒருகாலத்தில் அங்கிருந்தது. தொழிலாளர் மரம் சீவிய நிலத்தில் இன்று ஒளிவீசும் மதுக்கூடங்கள் நிற்கின்றன. அன்றைய கள்ளுக்கடைப் பலகைக்கும் இன்றைய விடுதியின் மெத்தை இருக்கைக்கும் இடையே வேறுபாடு பெரிதாகத் தோன்றும். அடிப்படை வினா ஒன்றே. அங்கே மனிதர் ஒருவரோடொருவர் பேச இயலுமா? செவி செயலிழக்கும் ஓசையில் நண்பனின் குரலே கேட்காதபோது, கூடியிருப்பது உடல்களேயன்றி உள்ளங்கள் அல்ல. மிகுதியாகச் செலவிடுவோருக்குத் தனி மேசை, தனிக் கயிறு, தனிக் காவலர் என்று பிரிக்கும்போது, பழைய மூன்று வாயில்கள் ஒரே கூரையின் கீழ் மீண்டும் தோன்றுகின்றன. எல்லா விடுதிகளும் இத்தகையன அல்ல. நல்ல பாடகர் பாட அமைதியாகக் கேட்கும் இடங்களும், ஆடலில் அயர்வு நீங்கி இளைஞர் மகிழ்ந்து திரும்பும் இடங்களும் உண்டு. பாட்டையும் கூத்தையும் போற்றிய இனம் இளைஞரின் ஆடலை மட்டும் பழிப்பது பொருந்தாது. ஆட்டமும் பாட்டும் முன்னின்று மது பின்தங்கும் இடத்தில் ஒரு தகுதி இருக்கின்றது. மது முன்னின்று மற்றவை அதனை விற்கும் பொறியாகும் இடத்தில் அத்தகுதி இல்லை.

அளவோடு அருந்தி அறிவோடு திரும்புபவன் யாருக்கு என்ன தீங்கு செய்தான் என்று ஒருவர் வினவலாம். நேர்மையான வினா இது. தன் உழைப்பில் தன் ஓய்வைத் தேடிக்கொள்ளும் உரிமை அவனுக்கு உண்டு. அதனை மறுக்கும் அறம் குறுகிய அறமே. எனினும், அவனும் தன்னைக் கேட்டுக்கொள்ளவேண்டிய ஒரு கேள்வி உண்டு. நாளைய மாலை அந்த இடத்தில் மது இல்லை, மற்ற எல்லாம் உண்டு என்று அறிவித்தால் அவனும் அவன் நண்பரும் அங்கே வருவார்களா? வருவார்களாயின், அவர்களைக் கூட்டியது நட்பு. அந்த இடம் செல்லத்தக்கது. வாரார் எனின், அவர்களைக் கூட்டியது புட்டி; நட்பு என்று அவர்கள் எண்ணியது அதன் நிழல். வள்ளுவர் காட்டும் சோதனையும் இதற்கு அண்மையதே: தெளிந்திருக்கும் பொழுதில் மயங்கிய ஒருவனைக் கண்டு, தன் நிலையும் இதுவே என்று எண்ணமாட்டானோ என்று அவர் கேட்கின்றார். ஓர் இடத்தின் தகுதியை அங்கே நுழையும்போது அளக்க இயலாது. தெளிந்த பின்னர் நினைக்கும்போதே அளக்க இயலும்.

இக்கேள்வியைக் கேட்டுக்கொள்ளும் வாய்ப்பே இல்லாதவர் இன்றும் இருக்கின்றனர். 2018-ஆம் ஆண்டு செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் மெத்தனால் கலந்த மலிவு மதுவை அருந்தி முப்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். நேப்பாளம், மியன்மார், வங்காளதேசம் முதலிய நாடுகளிலிருந்து பிழைக்க வந்த தொழிலாளர் பலர் அவர்களுள் இருந்தனர். ஊரை விட்டு வந்தவர். நெருக்கமான விடுதியில் உறங்குபவர். மாலையில் அமர ஓர் இடமற்றவர். நூறு ஆண்டுகளுக்கு முன் தமிழன் நின்ற இடத்தில் இன்று மற்றொருவன் நிற்கின்றான். தன் பாட்டன் அனுபவித்த தனிமையை அறிந்த சமுதாயம், இந்தப் புதிய தனிமையைக் கண்டும் காணாமல் இருப்பது தகுமா? அன்று தமிழனைப் பார்த்து 'குடிகார இனம்' என்று கூறியவரின் சொல்லை இன்று தமிழனே இன்னோர் இனத்தின்மீது வீசுவானாயின், வரலாறு அவனுக்கு எதனையும் கற்பிக்கவில்லை என்றே கொள்ளவேண்டும்.

தோட்டங்கள் மறைந்து, வீட்டுமனைகளும் தொழிற்பேட்டைகளும் எழுந்தபோது பாட்டாளிக் குடும்பங்கள் பல கிள்ளான் பள்ளத்தாக்கின் அடுக்குமாடிகளில் குடியேறின. தோட்டத்திலாவது கோவில் திடல் இருந்தது. பந்து விளையாட வெளி இருந்தது. அடுக்குமாடியில் மின்தூக்கியின் முன்னுள்ள சிறு இடமே பொதுவிடம். அங்கே நின்று பேசும் இளைஞரைக் கண்டு அஞ்சும் பெரியோர், அவர்கள் அமர்ந்து பேசுவதற்கு வேறு எங்கே இடம் வைத்திருக்கின்றனர் என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். 2017 திசம்பர் முதல் இந்நாட்டில் மது வாங்குவதற்குரிய வயது 18-இலிருந்து 21-ஆக உயர்த்தப்பட்டது. நல்ல சட்டம். ஆனால், அந்த மூன்றாண்டுகளின் மாலைப்பொழுதுகளை எதனால் நிரப்புவது என்பதைச் சட்டம் சொல்லாது; சொல்லவும் இயலாது. அது பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் ஊர்ச் சங்கங்களுக்கும் உரிய கடமை.

வகுப்பறையில் கள்ளுண்ணாமை அதிகாரத்தை நடத்தும் தமிழாசிரியர், பொருள் கூறி முடித்த பின் மாணவரிடம் ஒரு வினாவை வைக்கலாம்: 'உங்கள் குடியிருப்பில் மாலை ஆறு மணிக்குப் பின், காசு கொடுக்காமல் பத்துப் பேர் கூடி அமரும் இடங்கள் எத்தனை?' அந்த எண்ணிக்கை சுழியமாயின், அதிகாரத்தின் பாடம் இன்னும் முடியவில்லை என்று பொருள். மாலை நேரத்தில் பூட்டிக் கிடக்கும் தமிழ்ப்பள்ளியின் மண்டபம் ஒரு மன்றமாகலாம். திருவிழாவிற்கு மட்டும் திறக்கும் கோவிலின் பின்கூடம் ஒரு படிப்பகமாகலாம். எழுத்தாளரும் மாணவரும் வாரம் ஒரு முறை கூடிப் பேசும் மேசை ஒன்று போதும், ஓர் ஊரின் மாலைப்பொழுது திசைமாறத் தொடங்குவதற்கு.

1941-இல் கிள்ளான் தொழிலாளர் கள்ளுக்கடையை மூடுமாறு கேட்டபோது, அவர்கள் பள்ளியையும் சேர்த்தே கேட்டனர். முதல் பாதியை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு குடிக்கு எதிராகப் பேசுவது எளிது. இரண்டாம் பாதியையும் நிறைவேற்றுவதே அவர்களுக்குச் செய்யும் மரியாதை. ஒரு வாயிலை அடைக்குமாறு கூறும் உரிமை, இன்னொரு வாயிலைத் திறந்துவைத்தவர்க்கே உண்டு.